விலை பேசுவது பிள்ளையோடு, காசு வாங்குவது தாயிடம்

வட இலங்கையின் வன்னியில், மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டு போங்கள். அம்மன் பெயரிலோ கடைக்காரரின் பிள்ளை பெயரிலோ கடை இருக்கும். அந்தப் பெயர் பலகையில் ஒரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். மிச்ச இடத்தை ஒரு சோடாவோ பிஸ்கட்டோ பால்மாவோ தொலைபேசிக் கொம்பனியோ பிடித்திருக்கும். பலகையைக் கொம்பனி சும்மா அடித்துக் கொடுக்கிறது. உள்ளே இருக்கிற கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டியும் பெரும்பாலும் கொம்பனி கொடுத்ததுதான். அதற்குள் எந்தப் போத்தல் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் கொம்பனியே சொல்லும். வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற சிறு பக்கற்றுகள் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில் தொங்கும். அவற்றில் ஒரு கரடியோ புலியோ கண்ணாடி போட்ட குரங்கோ சிரிக்கும். விலை, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவருகிற சில்லறைக்கு ஏற்றபடி இருக்கும். விலைவாசி ஏறினாலும் அந்தச் சின்ன விலையைக் கூடியவரை தொடமாட்டார்கள். உள்ளே இருக்கிறதைத்தான் குறைப்பார்கள்.

இதில் என்ன தப்பு, வியாபாரம்தானே என்று கேட்கலாம். சீமெந்து விற்கிறவரும் இதே மாதிரிப் பலகை அடித்துக் கொடுக்கிறார். ஆனால் சீமெந்து விளம்பரத்தைப் பார்க்கிற மேசனுக்கு அது விளம்பரம் என்று தெரியும். சொல்கிறவர் தன் சரக்கைத்தான் புகழ்வார் என்று கழித்துவிட்டுத்தான் அவர் கேட்கிறார். பெரியவர்களுக்கான விளம்பரம் எவ்வளவு மிகைப்படுத்தினாலும் அதை நாம் பொறுத்துக்கொள்வது இந்த ஒரு காரணத்தால்தான்: இரண்டு பக்கத்துக்கும் விளையாட்டு என்னவென்று தெரியும்.

பிள்ளைக்குத் தெரியாது. நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையால் எது நிகழ்ச்சி, எது விளம்பரம் என்றே ஒழுங்காகப் பிரிக்க முடியாது. ஏழெட்டு வயது வரை, பிரித்தாலும்கூட, எனக்கு எதையோ விற்கத்தான் இந்தக் கரடி ஆடுகிறது என்ற நோக்கம் புரிவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2004இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நோக்கிய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. 2007இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொமஸ் ரொபின்சன் குழுவினர் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 63 பேர். ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் கடதாசியிலும் மற்றதை மக்டொனால்ட்ஸ் கடதாசியிலும் வைத்துக் கொடுத்தார்கள். எது ருசி என்று கேட்டபோது மக்டொனால்ட்ஸ் கடதாசியில் இருந்ததைத்தான் கூடுதலானோர் காட்டினார்கள். இப்படிக் கொடுத்த உணவுகளில் ஒன்று கரட். அந்தக் கடையில் விற்காத, சந்தையில் வாங்கிய சாதாரணக் கரட். நாக்கின் தீர்ப்பையே ஒரு கடதாசி மாற்றிவிடுகிற வயதில் "பிள்ளை விரும்பித்தான் கேட்கிறது" என்ற பேச்சுக்குப் பெரிய பொருள் இல்லை.

இன்னொரு ஆய்வு, 2009இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காட்டூன் போட்டுக் காட்டி, பக்கத்தில் கொறிக்க ஏதோ வைத்தார்கள். இடையில் உணவு விளம்பரம் பார்த்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட 45 வீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விளம்பரத்தில் வந்த உணவு ஒன்று, அவர்கள் கையில் இருந்தது வேறொன்று. ஆக "எங்கள் விளம்பரம் பிள்ளையை மற்றக் கொம்பனியிடமிருந்து எங்களிடம் திருப்புகிறது, அவ்வளவுதான்" என்று நிறுவனங்கள் சொல்வதும் முழுவதும் சரியில்லை.

இது வரைக்கும் உள்ளது உலகம் முழுவதற்கும் பொருந்துகிற வாதம். பிள்ளைக்குப் புரியாது, புரியாதவரிடம் விற்கக்கூடாது. சரி. ஆனால் வன்னியில் இருந்து பார்க்கும்போது இதைவிடக் கனமான ஒரு விசயம் கண்ணில் படுகிறது. பிள்ளையிடம் காசு இல்லை. காசு தாயிடம் இருக்கிறது. அந்தத் தாயிடம் நேரே போய், "இந்தப் பக்கற்றில் உருளைக்கிழங்கு மாவும் உப்பும் பாம் எண்ணெயும் சுவையூட்டியும் இருக்கிறது, வாங்குங்கள்" என்று சொன்னால் அவள் யோசிப்பாள். அதனால் அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்தால் போகிறார்கள். பிள்ளையின் மனதில் ஆசையைப் போட்டுவிட்டால் போதும், தாயோடு வாதாடுகிற வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். இது என் கற்பனை இல்லை. பிள்ளைகளின் நச்சரிப்பு பெற்றோரை எப்படி வாங்க வைக்கிறது, எந்த விதமான பெற்றோர் சீக்கிரம் மடங்குகிறார்கள் என்று 1998இல் அமெரிக்க விளம்பரத் துறையினர் ஆய்வே நடத்தினார்கள். நச்சரிப்பைக் குறைப்பதற்காக அல்ல, பயன்படுத்துவதற்காக.

இப்படிச் செய்துவிட்டு, கேள்வி வரும்போது அவர்கள் சொல்கிற பதில் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: பிள்ளை என்ன சாப்பிட வேண்டும் என்று தீர்மானிப்பது பெற்றோரின் பொறுப்பு. தாயைத் தாண்டிப் போவதற்கென்றே ஒரு வழியைக் கட்டிவிட்டு, அந்த வழியை மறிக்கவில்லை என்று தாயிடமே குற்றம் காண்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

"இல்லை" என்று சொல்வதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அது எல்லா வீட்டிலும் ஒரே அளவு இல்லை. கொழும்பில் வசதியான வீட்டில், மேசையில் பழமும் பாலும் இருக்கிற வீட்டில், "இது வேண்டாம், அதை எடு" என்று சொல்லலாம். விசுவமடுவிலோ தர்மபுரத்திலோ கூலி வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் விடிய முதலே புறப்படுகிற தாய், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். காலையில் புட்டு அவிக்க நேரம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஒன்று வேண்டும், பிள்ளை அழாமல் போக வேண்டும். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி, பேரனைத் துரத்தி ஊட்டத் தெம்பு இல்லை. யுத்தத்தில் கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டிருக்கிற பெண்கள் தனியே கொண்டு நடத்துகிற குடும்பங்கள் இங்கே கணிசம். அந்த வீடுகளில் நுண்கடன் தவணை நாளில் வாசலுக்கு வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பிள்ளையோடும் மல்லுக்கட்டு என்றால் சில்லறையைக் கொடுத்து விடுவதுதான் நடக்கும்.

இதற்குள் ஒரு பழைய கதையும் ஓடுகிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் வன்னி பல வருடங்கள் கிடந்தது. எரிபொருளும் மருந்தும் மட்டுமா, கடைப் பொருள் எதுவுமே அளந்துதான் உள்ளே வந்தது. 2002இல் யுத்தநிறுத்தத்தோடு ஏ9 திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடிக்கொண்டது. 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள்தான் இன்று முன்பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாயும் தகப்பனும். தென்னிலங்கையில் பக்கற் உணவு நாற்பது ஐம்பது வருடத்தில் மெல்ல மெல்லப் பரவியது. எது தின்னலாம், எதை நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வீடுகள் தங்களுக்குள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள அவகாசம் இருந்தது. இங்கே யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் எல்லாம் ஒரேயடியாக வந்திறங்கியது. "எங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும்" என்று ஒரு தாய் சொல்லும்போது அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கு அந்தப் பக்கற் ஊர் மீண்டுவிட்டது என்பதற்கான அடையாளமும்கூட. விற்கிறவர்களுக்கு இந்த மனநிலையை ஆய்வு செய்து அறிய வேண்டிய தேவையே இருக்கவில்லை, தயாராகக் கிடந்தது.

ஒரு எதிர்க்கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறேன். "உடற்பருமன் எல்லாம் கொழும்புப் பிரச்சினை. இங்கே பிள்ளைகள் நோஞ்சானாகத்தானே இருக்கிறார்கள், நாலு பிஸ்கட் தின்றால் என்ன?" கேட்க நியாயமாக இருக்கிறது. விசயம் இதற்கு நேர்மாறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதம் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். இப்படி மெலிந்த பிள்ளைக்கு வயிறு சின்னது. அதில் ஒரு பக்கற் பொரியலும் ஒரு இனிப்புப் பானமும் போனால் பசி அடங்கிவிடும். மத்தியானம் தட்டில் வைத்த சோறும் மீனும் கீரையும் அப்படியே இருக்கும். வயிற்றுக்குள் சக்தி போயிருக்கிறது, புரதமும் இரும்புச்சத்தும் போகவில்லை. குண்டான பிள்ளைக்குப் பக்கற் கூடுதல் உணவு. மெலிந்த பிள்ளைக்கு அது சோற்றின் இடத்தைப் பிடிக்கிற உணவு. எடை நிறுக்கப் போனால் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் கோடு மேலே ஏறாது. "சாப்பிடுறான் இல்லை மிஸ்" என்று தாய் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால் வன்னி ஒன்றும் சாப்பாடு இல்லாத ஊர் இல்லை. கச்சான், அதாவது நிலக்கடலை, இங்கே விளைகிறது. உழுந்தும் பயறும் எள்ளும் விளைகின்றன. பால் இருக்கிறது, முல்லைத்தீவுக் கடலில் மீன் இருக்கிறது. காலையில் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்தக் காசில் மாலையில் "பாலின் சத்து நிறைந்தது" என்று அச்சடித்த பிஸ்கட் வீட்டுக்கு வருகிறது. வறுத்த கச்சானைச் சுருளில் கட்டி விற்கிற அம்மாவுக்குக் கரடியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை.

அந்த "சத்து" என்ற பேச்சை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் தாயைத் தாண்டிப் போக முடியாத இடத்தில் தாயையே மடக்குவதற்கு வைத்திருக்கிற கருவி அது. மால்ற் பானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தால் உயரமாக வளரும், பலம் வரும், மூளை கூர்மையாகும் என்று சொல்லி விற்றார்கள். 2008இல் ஒரு சம்பவம் நடந்தது. பிரித்தானியாவில் தெரிகிற ஒரு தெற்காசியத் தொலைக்காட்சியில், பங்களாதேசத்துக்காக எடுத்த ஹோர்லிக்ஸ் விளம்பரம் ஓடியது. பிள்ளைகள் உயரமாக, பலமாக, கூர்மையாக வளர்வார்கள் என்று அது சொன்னது. பிரித்தானியாவின் விளம்பரத் தர ஆணையம் ஆதாரம் கேட்டது, விளம்பரத்தைத் தடுத்தது. இது பிரித்தானியாவுக்கென்று எடுத்த விளம்பரமே இல்லை என்பது கொம்பனியின் விளக்கம். அந்த விளக்கம்தான் எனக்கு விளம்பரத்தைவிடக் கோபமூட்டுகிறது. இலண்டனில் உள்ள வங்காளித் தாயிடம் சொல்லக்கூடாத ஒன்றை டாக்காவில் உள்ள வங்காளித் தாயிடம் சொல்லலாம் என்றால், இரண்டு தாய்க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அவர்களைக் காக்கிற சட்டம் மட்டும்தான். இந்தியாவில் 2024 ஏப்ரலில்தான் வணிக அமைச்சு இணையக் கடைகளிடம், போர்ன்விட்டா போன்றவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள் என்று சொன்னது. அந்த நாட்டு உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அதே மாதம், பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வேறொன்றை வெளிக்கொண்டுவந்தது. சுவிற்சர்லாந்தில் குழந்தைகளுக்குச் சீனி சேர்க்காமல் விற்கிற அதே வகைச் செரலாக்கை நெஸ்லே இந்தியாவில் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சீனி சேர்த்து விற்றுவந்தது.

இலங்கையின் சட்டம் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2016 ஆகஸ்டில் இருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று மூன்றுக்கும் நிறம் வந்தது. நம் பக்கத்து நாடுகள் பலவும் யோசிக்கக்கூட இல்லாத காலத்தில் செய்த வேலை இது. ஆனால் அந்த 11ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகில் பல நாடுகளிலும் விற்கிற சாதாரணக் கோலாவில் 100 மில்லிலீற்றருக்கு 10.6 கிராம் அளவில் சீனி இருக்கிறது. இந்த அளவுகோலில் அது மஞ்சள். 11 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 44 கிராம், அதாவது பதினொரு தேக்கரண்டி சீனி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல் ஒரு பெரிய ஆளுக்கே நாளுக்கு 25 கிராமோடு நின்றால் நல்லது என்கிறது. ஒரு பிள்ளை தனியே குடித்து முடிக்கிற போத்தலில் அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு, மஞ்சள் நிறத்தோடு. மஞ்சளைப் பார்க்கிற தாய் "சிவப்பு இல்லைத்தானே" என்று நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

2018ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர பானங்களில் உள்ள சீனிக்கு ஒரு கிராமுக்கு 50 சதம் வரி போட்டார். பிறகு அது தளர்த்தப்பட்டது.

நிறமும் வரியும் பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுகின்றன. பக்கற்றின் முகத்தில் ஏன் கரடி சிரிக்கிறது என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை. எழுத்துக் கூட்டத் தொடங்காத பிள்ளைக்கு மூலையில் இருக்கிற பொட்டு எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான், கரடிதான் தெரியும். சிலி நாடு 2016 ஜூனில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்தது. சீனி, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி எது மிஞ்சினாலும் பக்கற்றின் முன்னாலேயே கரிய எண்கோணம் ஒன்று. அந்த எண்கோணம் விழுந்த எதிலும் பிள்ளைகளை இழுக்கிற படம் இருக்கக்கூடாது, உள்ளே விளையாட்டுச் சாமான் வைக்கக்கூடாது, பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது. கெலொக்ஸ் பெட்டியில் பல தலைமுறையாகச் சிரித்த புலி சிலியில் காணாமல் போனது. முதல் கட்டத்திலேயே எண்கோணம் விழுந்த பானங்களை வீடுகள் வாங்குவது 24 வீதத்துக்குக் கிட்டக் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தாய்மாருக்குப் புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. எண்கோணத்தைப் போட்டார்கள், நச்சரிப்பைக் கிளப்புகிற படத்தையும் எடுத்தார்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணம் இன்னும் பழையது. 1980இல் இருந்து அங்கே 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை நோக்கி எந்த விளம்பரமும் செய்யக்கூடாது. உணவு மட்டுமல்ல, விளையாட்டுப் பொருளும்தான். ஒரு பொம்மைக் கொம்பனி பேச்சுச் சுதந்திரம் என்று வழக்குப் போட்டது. 1989இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், சிறு பிள்ளைகளை நோக்கிய விளம்பரம் தன் இயல்பிலேயே சூழ்ச்சி செய்வது என்று சொல்லி, தடை செல்லும் என்றது. அமெரிக்காவில் கதை மறுபக்கம் போனது. அங்கே 1978இல் மத்திய வர்த்தக ஆணையம் இதே மாதிரி ஒரு தடையை யோசித்தது. தொழில்துறை திரண்டு எழுந்தது. 1980இல் நாடாளுமன்றமே ஆணையத்தின் கையைக் கட்டிப்போட்டது.

இலங்கைக்கு இது புதிய சிந்தனை என்றும் சொல்ல முடியாது. 1981 மேயில் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவுகளின் விளம்பரத்துக்கு எதிரான நெறிக்கோவையை ஏற்றுக்கொண்டது: ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்று, அந்த ஒன்று அமெரிக்கா. அதைத் தன் நாட்டுக்கு ஏற்றபடி சீக்கிரமே எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதனால்தான் புட்டிப்பால் மா விளம்பரத்தை நீங்கள் கிளினிக் சுவரில் காண்பதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் விளம்பரத்தையும் அனுசரணையையும் நிறுத்தியது. ஆறு மாதக் குழந்தைக்காகவும் இளைஞனுக்காகவும் இந்த நாடு ஏற்கெனவே முடிவெடுத்திருக்கிறது. நடுவில் இருக்கிற இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத்தான் அதே மாதிரி முழுக் காப்பு இல்லை.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்மையிலேயே இருக்கிறது. வன்னி வீடுகளில் பிள்ளைகள் பார்க்கிறது கொழும்புத் தொலைக்காட்சி மட்டும் இல்லை. கூரையில் இருக்கிற டிஷ் தமிழ்நாட்டு அலைவரிசைகளைப் பிடிக்கிறது. அதில் வருகிற விளம்பரத்தை இலங்கைச் சட்டம் தொட முடியாது. கொரோனாக் காலத்தில் பாடத்துக்கென்று பிள்ளையின் கைக்கு வந்த போன், பாடம் முடிந்த பிறகும் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை பெட்டி திறந்து இனிப்பு எடுப்பதை இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே சில நேரம் தெரிவதில்லை. கியூபெக்குக்கும் அமெரிக்க அலைவரிசைகளால் இதே தலையிடி இருந்தது. அப்படியிருந்தும் அங்கே தடைக்குப் பலன் இருந்தது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரெஞ்சு பேசுகிற வீடுகளில் விரைவுணவு வாங்குவது 13 வீதம் குறைந்தது என்று கண்டது. எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது என்பது எதையும் அடைக்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. பிரித்தானியா 2026 ஜனவரியில் இருந்து இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியிலும், இணையத்தில் காசு கொடுத்துப் போடுகிற விளம்பரங்களில் எந்த நேரத்திலும், இத்தகைய உணவுகளுக்குத் தடை போட்டிருக்கிறது.

ஆனால் டிஷ்ஷும் போனும் கை எட்டாத தூரத்தில் இருக்கலாம். பள்ளிக்கூட மைதானம் நம் கைக்குள்தான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்குக் கொம்பனிகளைவிட நம் மேல் வருத்தம். தைப்பொங்கல் கழிந்தால் பள்ளிக்கூடங்களில் இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர்ப் போட்டிக் காலம். பந்தல், ஒலிபெருக்கி, கேடயம், பிள்ளைகளுக்குத் தாகத்துக்கு ஏதாவது, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பள்ளி அதிபரின் கையில் காசு இல்லை. ஒரு பானக் கொம்பனி வந்து பந்தலும் போட்டு, குளிர்பானமும் தந்து, பதிலுக்கு நாலு பதாகை மட்டும் கட்டிக்கொள்கிறோம் என்றால் எந்த அதிபர் மறுப்பார்? அகில இலங்கை மட்டத்திலேயே ஒரு சொக்லேட்டின் பெயர் பாடசாலைகளுக்கான சேர் ஜோன் டார்பற் மெய்வல்லுநர்ப் போட்டியின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடி வெல்கிற பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற படத்தில், பின்னால் இருப்பது சீனி. ஓட்டத்துக்கும் அந்தப் பானத்துக்கும் ஏதோ தொடர்பு என்று பார்க்கிற நூறு பிள்ளைகள் மனதில் பதியும். இதுதான் இருக்கிற விளம்பரங்களுக்குள் மலிவானதும் வலிமையானதும், ஏனென்றால் ஆசிரியரின் ஒப்புதலோடு வருகிறது. உலக சுகாதாரப் பேரவை 2010இல் ஏற்ற பரிந்துரைகள் இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன: பள்ளிகள், முன்பள்ளிகள், விளையாட்டிடங்கள், பிள்ளைகளுக்கான கிளினிக்குகள், அங்கே நடக்கிற விளையாட்டு, கலை நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த உணவுகளின் எந்த விளம்பரமும் இல்லாமல் இருக்க வேண்டும். நம் கல்வி அமைச்சின் சிற்றுண்டிச்சாலைச் சுற்றறிக்கை என்ன விற்கலாம், விற்கக்கூடாது என்று வகுத்திருக்கிறது. கன்ரீனில் விற்க முடியாத போத்தலின் பெயர் மைதானத்துப் பந்தலில் தொங்குவதில் உள்ள முரணை ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசல் கடைக்காரரைப் பற்றியும் ஒரு சொல். இந்தக் கோபத்தை அவர் மேல் இறக்குவது சுலபம், நியாயமில்லை. வாசலில் ஒரு கொட்டில் போட்டிருப்பவர் பெரும்பாலும் அந்த ஊரிலேயே வேறு வருமானம் இல்லாத ஒருவர். பக்கற்றில் அவருக்கு மிஞ்சுவது சில ரூபாய். அவர் கச்சானும் விற்பார், அவித்த கடலையும் விற்பார், எது போகிறதோ அதை விற்பார். எது போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் விதிகள் பள்ளி வளாகத்தைச் சுற்றி 50 மீற்றருக்குள் இத்தகைய உணவுகளை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்கின்றன. இங்கே அப்படி ஒன்று வந்தால் விளம்பரத்தில் இருந்து தொடங்கி விற்பனைக்குப் பிறகு வர வேண்டும். முதலில் கொம்பனியின் பலகை கழரட்டும். அதற்கு அப்புறம் கொட்டில்காரரிடம் போகலாம்.

பலகை கழர்வதற்குக் கொழும்பில் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. விளம்பரப் பலகைக்கு அனுமதி கொடுப்பதும் கட்டணம் அறவிடுவதும் பிரதேச சபையின் வேலை. அதற்கான துணைவிதிகளை ஆக்கும் அதிகாரம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்து வருகிறது. 2025 மேயில் நடந்த தேர்தலோடு மறுபடி உறுப்பினர்கள் இருக்கிற சபைகள் நம்மிடம் உண்டு. கரைச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு உறுப்பினர் எழுந்து, பள்ளிக்கூடத்தையும் முன்பள்ளியையும் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் சிவப்பு அடையாளம் பெற்ற, மஞ்சளில் மேல் எல்லையைத் தொட்ட பானங்களின் பலகைக்கு அனுமதி இல்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். சபைக்கு வரி வருமானம் கொஞ்சம் குறையும், மறுப்பதற்கில்லை.

மைதானத்துக்கு வழி இன்னும் கிட்ட இருக்கிறது. வன்னியின் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கட்டடமும் கணினியும் கொடுத்துப் பெயர்க்கல் பதிக்கிறார்கள், நல்லது. ஒரு விளையாட்டுப் போட்டி நாளின் பந்தலுக்கும் மோருக்கும் இளநீருக்கும் ஆகிற செலவு அந்தக் கட்டடத்தின் ஒரு யன்னல் அளவுகூட வராது. அடுத்த தையில் அதிபர் அந்தக் கணக்கை எழுதி முதலில் அவர்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம், கொம்பனிக்கு அனுப்புவதற்கு முன்னால்.